பொரித்த குனிங் மீன், தொட்டுக்கொள்ள சம்பால் கிச்சாப்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தால் முதலில் அதை எடுத்து உள்ளே வையுங்கள். படுக்கையறைக் கதவையும் சாத்திவிடுங்கள். அடுக்குமாடி வீட்டில் மீன் பொரிப்பவர்களில் பலர் ஒருநாளாவது மீன் வாடை வீசும் சட்டையோடு வேலைக்குப் போயிருப்பார்கள். நானும் போயிருக்கிறேன். சரி, இனி மீனுக்கு வருவோம்.

மீன் வாங்குவது

புதிதாகச் சமைப்பவர்கள் நேராக வஞ்சிரத் துண்டுக்குத்தான் போவார்கள். விலை அதிகம், துண்டும் தடிமன். வெளியே கருகி உள்ளே வேகாமல் போனால் வயிறு எரியும். கை பழகும்வரை குனிங் வாங்குங்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் முட்டைக்கும் நெத்திலிக்கும் பக்கத்தில் படுத்திருக்குமே, விலாவில் மஞ்சள் கோடு ஓடும் சின்ன மீன், அதுதான். பாறை மீனுக்குச் சொந்தம். மெல்லியது என்பதால் சீக்கிரம் வேகும், தவறினாலும் நஷ்டம் குறைவு.

நான் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்குவேன். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மீன் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். "அங்கிள், வயிறு எடுத்துக் கொடுங்க" என்று கேட்கலாம். ஆனால் கூட்ட நேரத்தில் இத்தனை சின்ன மீனுக்கு அவருக்குப் பொறுமை இருக்காது. வீட்டில் கத்தரிக்கோலால் வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்துவிடலாம்.

குனிங்கின் வாலிலிருந்து விலா நடுப்பகுதிவரை இரண்டு பக்கமும் கரடுமுரடாக ஒரு செதில் வரிசை இருக்கும். எவ்வளவு பொரித்தாலும் அது மெத்தென்று ஆகாது, வாயில் குத்தும். கத்தியைப் படுக்கவைத்து, வாலிலிருந்து தலைப் பக்கமாக மெல்லச் சீவி எடுங்கள்.

உப்பும் ஈரமும்

அரை கிலோ மீனுக்கு உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, மிளகாய்த்தூள் அரை. அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது போட்ட அம்மா கைப்பக்குவ மசாலா தோசைக்கல்லில் வறுக்கும் வஞ்சிரத்துக்கு அருமை. நிறைய எண்ணெயில் போட்டால் மசாலா மீனை விட்டுக் கழன்று, அடியில் கருகி, எண்ணெயையே கசக்க வைத்துவிடும்.

மீனைக் கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் இரண்டு கீறல் போட்டு, மசாலாவைத் தடவி 20 நிமிடம் வையுங்கள். அதற்குள் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருக்கும். உப்பு மீனுக்குள்ளிருந்து இழுத்த தண்ணீர் அது. அதைக் கொட்டிவிட்டு, கிச்சன் டவலால் மீனை ஒற்றி ஒற்றி எடுங்கள். மஞ்சள் கொஞ்சம் டவலில் போனால் போகட்டும்.

முதன்முதலில் பொரித்தபோது இந்த வேலையை நான் செய்யவில்லை. கழுவிய மீனைச் சொட்டச் சொட்ட எண்ணெயில் விட்டேன். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கிச் சட்டென்று ஆவியாகி, எண்ணெயையும் சேர்த்து மேலே வீசியடித்தது. முழங்கைவரை பொட்டுப் பொட்டாகச் சூடு. தோல் வாணலியோடு ஒட்டிக்கொண்டது, சதை உதிர்ந்தது. அன்றைக்கு மீன் புட்டுதான் செய்ய நினைத்தேன் என்று வீட்டில் சமாளித்தேன்.

துடைத்த பிறகு அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி, கார்ன்ஃபிளவர் ஒரு மேசைக்கரண்டி கலந்து மீனின் மேல் தூவி, வாலைப் பிடித்து உதறுங்கள். பொடி பூசியதுபோல் மெல்லிய படலம் போதும். எண்ணெய் காய்ந்த பிறகுதான் மாவு. முன்னாலேயே பூசி வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பசையாகிவிடும்.

பொரிப்பது

வாணலியில் எண்ணெய் இரண்டு விரல் உயரம் இருக்கட்டும். 180 டிகிரி செல்சியஸ் என்பார்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு மரக் குச்சியை, சாப்ஸ்டிக் என்றாலும் சரி, எண்ணெயில் நிறுத்துங்கள். அதைச் சுற்றிக் குமிழ்கள் விடாமல் எழுந்தால் சூடு சரி. புகைந்தால் அதிகம், அடுப்பைக் குறையுங்கள். சிங்கப்பூரில் 2018 ஜூனிலிருந்து புது வீடுகளில் புகை அலாரம் கட்டாயம் என்பதால் அங்கே மீன் கருகுவதை அண்டை வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வார்.

வாலைப் பிடித்து, மீனை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று அல்லது நான்கு போதும், நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும். இரண்டு நிமிடம் கரண்டியை வைக்கவே கூடாது. தோல் இறுகியதும் மீன் தானாக விட்டுக்கொடுக்கும். பிறகு திருப்புங்கள். மொத்தம் ஐந்தாறு நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தைவிடக் காது நம்பகம். தொடக்கத்தில் சடசடவென்று பொரியும். மீனிலிருந்து தண்ணீர் வெளியேற வெளியேற அந்தச் சத்தம் அடங்கி, மெல்லிய சலசலப்பாகும். அப்போது எடுங்கள்.

எடுத்ததைக் காகிதத்தில் போடாமல் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். காகிதத்தில் கிடந்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நனைந்துவிடும், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் வேறு. விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் இளநிறமாகப் பொரித்து வைத்து, அவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் சூடான எண்ணெயில் இன்னொரு நிமிடம் போட்டு எடுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியதும் பழைய பால் பெட்டியில் பழைய செய்தித்தாளைத் திணித்து, அதில் ஊற்றிக் குப்பையில் போடலாம்.

சம்பால் கிச்சாப்

இதை மீன் ஊறும் நேரத்திலேயே செய்துவிடுங்கள். சின்ன வெங்காயம் நான்கு, பூண்டு ஒரு பல், சிலி பாடி என்கிற காரமான குட்டி மிளகாய் நான்கு. எல்லாவற்றையும் மெல்லிதாக நறுக்குங்கள், மிக்ஸி வேண்டாம். கிச்சாப் மானிஸ் என்கிற இனிப்பு சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை மூன்றைப் பிழியுங்கள். விதை விழுந்தால் எடுத்துவிடுங்கள், கசக்கும். பத்து நிமிடம் ஊறினால் வெங்காயத்தின் பச்சை வாடை போய்விடும். கிச்சாப் மானிஸ் இல்லையென்றால் சாதாரண சோயா சாஸில் குலா மெலாக்கா என்கிற பனைவெல்லத்தைச் சீவிப் போட்டு, லேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். சிலி பாடி நறுக்கிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். மிளகாய் போடும் முன்பே பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வையுங்கள்.

சம்பாலை மீன் மேல் ஊற்ற வேண்டாம், இவ்வளவு நேரம் ஈரத்தை விரட்டியது வீணாகிவிடும். தொட்டுச் சாப்பிடுங்கள். மீன் மிஞ்சினால் ஓவன் டோஸ்டரில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும். சம்பால் மிஞ்சினால் மறுநாள் சுடுசோற்றுக்கும் பொரித்த முட்டைக்கும் ஆகும்.