ஸ்வேல்டேல் கல்வீட்டில் ஒரு வாரம் தங்குவது எப்படி

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள், ஸ்வேல் ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்கு ஸ்வேல்டேல் என்று பெயர். ரீத், கன்னர்சைடு, மியூக்கர், கெல்ட் முதலிய சிற்றூர்களில் ஈயச் சுரங்கத் தொழிலாளரும் ஆடு வளர்ப்போரும் குடியிருந்த பழைய கல்வீடுகள் பல, இன்று விடுமுறைக்கு வருவோருக்கு வார வாடகைக்கு விடப்படுகின்றன. ஓட்டலில் இருப்பதுபோல் அழைத்தவுடன் வந்து நிற்க இங்கே ஆள் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பை மூட்டுவது, வெந்நீர் வைப்பது, குப்பை பிரிப்பது எல்லாம் தங்குபவரின் பொறுப்பு. வீட்டின் பழக்கவழக்கத்தை முதல் நாளே தெரிந்துகொண்டால்தான் மீதி ஆறு நாளும் நிம்மதியாகக் கழியும்.

எப்போது செல்வது என்று கேட்டால், ஜூன் பிற்பாதி என்பதே என் பதில். மியூக்கரைச் சுற்றி, உலர்தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வெளிகள் அப்போதுதான் பூத்துக் குலுங்கும். இரவு 10 மணி நெருங்கும் வரை வெளிச்சம் இருக்கும். பூக்கள் விதை உதிர்த்த பிறகே புல் அறுக்க வேண்டும் என்பதால் அறுவடையை ஜூலை வரை தள்ளிப்போடும் வழக்கம் இங்கே நிலைத்திருக்கிறது. மலைநாட்டில் இத்தகைய புல்வெளிகள் மிகவும் அருகிவிட்டன. ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் முடிய பள்ளி விடுமுறை என்பதால் வாடகை ஏறும், பல மாதங்களுக்கு முன்பே பதிவும் முடிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் வாரம் வெள்ளியிலோ சனியிலோ தொடங்கும். பதிவு செய்யுமுன் விறகு வாடகையில் அடங்குமா, படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா, மாடிப்படி எவ்வளவு செங்குத்து, கைபேசிக்குச் சிக்னல் உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் படிக்கட்டுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளில் அது ஏணியைப்போல் நிமிர்ந்து நிற்பதுண்டு.

லண்டனிலிருந்து செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் ரிச்மண்ட் நகரம் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ளது. லண்டனின் ரிச்மண்ட் வேறு. யார்க்‌ஷயர் ரிச்மண்டுக்கு 1969-க்குப் பிறகு பயணிகள் ரயில் இல்லை. கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து டார்லிங்டன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் ரிச்மண்டை அடையலாம். அதற்கு மேல் பள்ளத்தாக்குக்குள் செல்லும் பேருந்துகள் நாளுக்குச் சிலவே என்பதால், கார் இல்லாதவர்கள் கால அட்டவணை பார்த்த பிறகே வீட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காரில் செல்வோர் ரிச்மண்டிலேயே ஒரு வாரத்துக்கான சாமான்களை வாங்கிவிட வேண்டும். மேலே உள்ள சிறு கடைகளில் பாலும் ரொட்டியும் முட்டையும் கிடைக்கலாம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் வீட்டிலிருந்தே வர வேண்டும்.

உட்சாலைகள் பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் கொண்டவை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர் நின்று வழிவிடுவார், தேவைப்பட்டால் பின்னோக்கியும் ஓட்டுவார். வழிவிட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்வது இவ்வூர் மரியாதை. ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவைக்கவே கூடாது, ஏனெனில் டிராக்டரும் ஆம்புலன்ஸும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

வீட்டுச் சாவி பெரும்பாலும் கதவருகே எண் பூட்டுள்ள ஒரு சிறு பெட்டியில் இருக்கும். அந்த எண்ணையும் வீட்டுக்கு வரும் வழியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நிற்கும்போது கைபேசி உதவாமல் போகலாம். நிலைக்கதவு தாழ்வாக இருக்கும், குனிந்து நுழையுங்கள். உள்ளே வந்ததும் மேசைமேல் உள்ள குறிப்பேட்டைப் படியுங்கள். வெந்நீர்ச் சுவிட்ச் எங்கே, குப்பை எந்த நாள், குழாய் நீர் ஊற்றிலிருந்து வருகிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். குளியலறை விளக்குக்குச் சுவரில் சுவிட்சைத் தேடாமல் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுங்கள். ஈரக்கையால் மின்சாரத்தைத் தொடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அடுத்த வேலை அடுப்பு. சுவர்கள் ஏறத்தாழ இரண்டடி கனமான கல் என்பதால், ஆளில்லாமல் கிடந்த வீடு சூடேற அரை நாள்கூட ஆகும். ஆனால் ஏறிய சூடு எளிதில் இறங்காது. ஆகவே கோடையானாலும் மழை நாளில் வந்திறங்கினால் பெட்டிகளைப் பிரிக்குமுன் அடுப்பை மூட்டுங்கள். கண்ணாடிக் கதவுள்ள இரும்படுப்பின் காற்றுத் துவாரங்களை முழுவதும் திறந்து, தீமூட்டிக் கட்டியைச் சுற்றிச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே இரண்டு சிறு விறகுகளை வைத்துப் பற்றவையுங்கள். கதவைச் சில நிமிடம் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் புகைபோக்கி சூடாகிப் புகையை மேலே இழுக்கும். தீ நன்றாகப் பிடித்ததும் கதவை மூடி, கீழ்த்துவாரத்தைக் குறைத்து, மேல்துவாரத்தால் தீயை அடக்கியாளுங்கள். இரவெல்லாம் எரியட்டும் என்று காற்றை முழுவதும் அடைப்பது தவறு. மூச்சுத் திணறும் தீ புகைபோக்கிக்குள் தார்போன்ற கரியைப் படியவைக்கும், அது பின்னொரு நாள் பற்றிக்கொள்ளும். உலர்ந்த விறகையே எரியுங்கள். 2021 மே மாதம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ, அடுப்பருகே இருப்பவர்களுக்குக் காரணமின்றித் தலைவலித்தாலோ, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும்.

நம் சமையலுக்கு இவ்வீடுகள் பழக்கப்பட்டவை அல்ல. தாழ்ந்த கூரையின் கீழ் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மிதமான தீயில் தாளியுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பல வீடுகளின் கழிவுநீர் தோட்டத்துச் செப்டிக் டேங்குக்குள்தான் போகிறது. எண்ணெயும் ஈரத்துடைப்பான் தாள்களும் அதை அடைத்துவிடும்.

வெளியே நடக்கும்போது இது பிறருடைய பிழைப்பு நடக்கும் நிலம் என்பதை மறக்கலாகாது. வழியிலுள்ள கேட்டுகளைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். சாந்தில்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்களில் ஏறினால் அவை சரியும். புல்வெளிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராக நடங்கள், ஏனெனில் இருபுறமும் நிற்பது குளிர்காலத்துக்கான தீவனம். வயல்களில் தனித்து நிற்கும் கல்கொட்டில்களில்தான் முற்காலத்தில் மாடுகள் கீழேயும் உலர்ந்த புல் மேலேயுமாகக் குளிர்காலத்தைக் கழித்தன. மியூக்கரிலிருந்து ஆற்றோரமாகக் கெல்ட் வரை போய், கிஸ்டன் அருவியைப் பார்த்துத் திரும்பும் நடை ஒரு பகலுக்குப் போதும். முதல் நடையாக அதையே சொல்வேன். மலைமேல் விபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து, போலீசாரிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

குளிர்காலத்தில் செல்வோர் இரண்டு நாள் உணவைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். கெல்டுக்கு மேலே 1,732 அடி உயரத்தில் உள்ள டான் ஹில் விடுதியில், 2021 நவம்பர் இறுதிப் பனிப்புயலின்போது அறுபதுக்கும் மேற்பட்டோர் மூன்று இரவுகள் சிக்கிக்கொண்டார்கள்.

புறப்படும் நாளில் பெரும்பாலும் காலை 10 மணிக்குள் வீட்டை விட வேண்டும். முந்தைய இரவே அடுப்பைத் தானாக அணையவிடுங்கள். காலையில் சாம்பலை இரும்பு வாளியில் மட்டுமே அள்ளி, வாசலுக்கு வெளியே கல்தரையில் வையுங்கள், உள்ளே கங்கு ஒரு நாள்கூட உயிரோடு கிடக்கும். அடுத்து வருபவருக்காக ஒரு கூடை விறகையும் ஒரு கைப்பிடி சுள்ளியையும் அடுப்பருகே வைத்துவிட்டு, சாவியைப் பெட்டிக்குள் போட்டு எண்ணைக் கலைத்துவிடுங்கள்.