இத்தாக்காவில் இலையுதிர்காலம்: ஆராய்ச்சி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் மேப்பிள் மரங்கள் முழு நிறத்தில் நிற்பது பெரும்பாலும் அக்டோபர் நடுவில். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவர்களுக்கு மூச்சு முட்டுவதும் அதே நாட்களில்தான். இடைத்தேர்வுகளை அங்கே பிரிலிம் என்பார்கள். இரவு ஏழரைக்குத் தேர்வு, டி.ஏ.வாக (பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவும் மாணவராக) இருந்தால் அறையில் கண்காணிப்பு, அப்புறம் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் வேலை. நடுவில் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரான அட்வைசரோடு வாராந்திரச் சந்திப்பு வேறு.

அதனால்தான் “இந்த வேலை முடியட்டும், இலை பார்க்கப் போகலாம்” என்ற பேச்சு எல்லா லேப்களிலும் கேட்கிறது. இதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது. பாடத்தேர்வுக்கு முடிவு உண்டு. ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. ஒரு பேப்பரை அனுப்பினால் அடுத்ததன் தரவு காத்திருக்கும். இலைகளின் கணக்கோ வேறு. பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்து, உள்ளே இருந்த மஞ்சள் தெரிய வருகிறது. வெயில் அடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு கூடுகிறது. ஓர் இரவு காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் பாதி மரம் மொட்டையாகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு மாலை ஐந்துக்குள் சூரியன் மறைந்துவிடும். லேப்பிலிருந்து வெளியே வரும்போது இருட்டுதான்.

ஆகவே செப்டம்பரிலேயே காலண்டரில் இடம் பிடியுங்கள். அக்டோபர் இரண்டாவது திங்களை ஒட்டி வரும் விடுமுறை நமக்கும் சேர்த்துத்தான். அந்த நாட்களில் ஒரு நாள் இருக்கமாட்டேன் என்று அட்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல அட்வைசர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் போய், மலைப்பாதையில் நின்று மின்னஞ்சலுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பது போனதற்கே அர்த்தமில்லாமல் செய்துவிடும். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, பெரிதாகத் திட்டமிடுவது. வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர், அடிரான்டாக் மலை, இரண்டு வாடகைக் கார், தங்கும் இடம் என்று ஆரம்பிக்கும். இருபத்தைந்து வயதுக்குக் கீழ் இருந்தால் காருக்குக் கூடுதல் கட்டணம். ஒருவருக்குத் தேர்வு, இன்னொருவருக்குச் சோதனை ஓடுகிறது என்று கடைசியில் யாருமே போவதில்லை. இத்தாக்காவில் இருந்துகொண்டு இப்படி ஆவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே பீபி ஏரி இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கேஸ்கடில்லா பள்ளத்தாக்கு வழியாக அருவிகளைப் பார்த்துக்கொண்டே டவுன்டவுனுக்கு இறங்கலாம். டாகானக் அருவி 215 அடி, நயாகராவைவிட உயரம். பயணம் என்று பார்த்தால் அரை நாள் போதும். ட்ரீமன், வாட்கின்ஸ் க்ளென் பள்ளத்தாக்குப் பாதைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அவற்றை முதலில் முடியுங்கள்.

ஆப்பிள் பறிக்கப் போகிறவர்கள் தோட்டத்துக்கு முதலில் போன் செய்யுங்கள். ஹனிக்கிரிஸ்ப் ரகம் செப்டம்பரிலேயே பழுக்கும், அக்டோபர் நடுவில் போனால் பெரும்பாலும் மரத்தில் இருக்காது. அதற்காகத் திரும்பிவிட வேண்டாம், எம்பயர் இருக்கும். அது கார்னெலின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவாகி 1966இல் வெளிவந்த ரகம்.

பொழுதுபோக்கையும் இன்னொரு பட்டப்படிப்பாக ஆக்கிக்கொள்கிறோம். கேமரா வாங்கியதும் விலை உயர்ந்த லென்ஸ், பாட்டுப் பயிற்சி என்றால் மேடை. வாரத்தில் ஒரு மணி நேரம், கூட ஒரு ஆள், அது போதும். பறவை பார்ப்பது இந்த ஊருக்கே ஏற்ற பழக்கம். சாப்சக்கர் வுட்ஸில் கார்னெலின் பறவையியல் ஆய்வகம் இருக்கிறது, அவர்களுடைய மெர்லின் செயலி இலவசம், கேட்கும் குரலை வைத்தே பறவை எது என்று சொல்லும். இந்தப் பருவத்தில் வாத்துக் கூட்டங்கள் தெற்கே போவதைப் பார்க்கலாம்.

நவராத்திரியும் தீபாவளியும் இந்தச் சமயத்தில்தான் வரும், வார இறுதி முழுக்கச் சமையலில் போய்விடும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டால் பண்டிகையும் இலை பார்ப்பதும் சேர்ந்து நடக்கும்.

உடையிலும் கவனம் வேண்டும். ஈர இலை படிந்த கல்படிகள் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். குளிர் வந்தால் உண்ணி இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி அக்டோபர், நவம்பரில் நன்றாகவே நடமாடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். கனெக்டிகட் ஹில் போன்ற காடுகளுக்குப் போவதானால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் தொடங்கிவிடும்.