அம்பேத்கர் மூக்குக்கண்ணாடியோடு ஒரு புத்தக முட்டு

1917இல் அம்பேத்கர் லண்டனிலிருந்து திரும்பியபோது, வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் கடலோடு போயின. பிற்பாடு பம்பாய் தாதரில், புத்தகங்களுக்கு இடம் ஒதுக்கியே ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டார். அலமாரியில் புத்தக வரிசை சாயாமல் இரு முனையிலும் வைப்பதுதான் புத்தக முட்டு. அவர் பெயரில் செய்யும் முட்டு முதலில் புத்தகத்தைத் தாங்க வேண்டும். நான் முதலில் செய்தது பார்க்க அழகாக இருந்தது. இரண்டாம் நாள் இரவே மொத்த வரிசையும் தரையில் கிடந்தது. அடியில் தகடு வைக்காததுதான் காரணம்.

முகம் வரைய வேண்டாம். பழகாத கையில் அது வேறு யாரோ ஆகிவிடும். வட்டக் கண்ணாடி, நீலம், பேனா போதும்.

ஒரு முட்டுக்கு 12 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு துண்டுகள்: நிற்கும் பலகை 12×16 செ.மீ., கீழ்ப்பலகை 12×8 செ.மீ. உப்புத்தாளால் தேய்த்து, கீழ்ப்பலகையின் 12 செ.மீ. ஓரத்தில் மற்றதை நிறுத்தி, பசை தடவி, அடியிலிருந்து 30 மி.மீ. திருகு இரண்டு முடுக்குங்கள். முன்கூட்டியே மெல்லிய துளை போடாவிட்டால் பிளைவுட் பிளந்துகொள்ளும். திருகின் தலை மரத்துக்குள் அமிழ வேண்டும்.

அடுத்தது தகடு. 12×18 செ.மீ. அளவில் கடையிலேயே வெட்டி வாங்கி, விளிம்பை அரத்தால் மழுக்குங்கள், கையைக் கிழித்துவிடும். 8 செ.மீ. கீழ்ப்பலகைக்கு அடியில் அரால்டைட் பசையால் ஒட்டப்படும், மீதி 10 செ.மீ. நிற்கும் பலகையைத் தாண்டிப் புத்தகங்களுக்கு அடியில் போகும். புத்தகத்தின் எடையே தகட்டை அழுத்திப் பிடிப்பதால் முட்டு நகராது. ஒரு நாள் காயவிட்டு, நீல எனாமல் இரண்டு கோட் அடியுங்கள்.

கண்ணாடிக்கு 2 மி.மீ. செம்புக் கம்பி. 4 செ.மீ. விட்டமுள்ள மருந்து சீசாவில் இறுக்கிச் சுற்றுங்கள். விட்டதும் வளையம் சற்று விரியும், அது சரிதான். இரண்டு வளையத்துக்கும் அதே சீசாவையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒரு கண் பெரிதாகும். நடுவில் மூக்குப்பாலத்துக்கு ஒரு விரல் அகலம் விட்டு, கம்பி முனைகளை மடக்கி, புத்தகம் படாத வெளிப்பக்கத்தில் துளையிட்டு ஒரு சொட்டு அரால்டைட்டோடு செருகுங்கள்.

மறுமுனை முட்டில் கண்ணாடிக்குப் பதில் பழைய மைப்பேனாவின் மூடியை நிமிர்த்தி ஒட்டினால், கோட்டுப் பையில் செருகியதுபோலவே தெரியும். என் அலமாரியில் இந்த இரண்டுக்கும் நடுவே இப்போது அவருடைய தொகுதிகள் நிற்கின்றன.