வீட்டில் எழுதிய டிவிடி வட்டு, பிளேயரில் திக்கித் திக்கி ஓடினால்

கல்யாண வீடியோவையோ பழைய கேமரா நாடாவையோ கணினியில் ஏற்றி, டிவிடியாக எழுதி, அதே கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சீராக ஓடிய வட்டு, கூடத்தில் இருக்கும் பிளேயரில் போட்டதும் திக்கித் திக்கி ஓடுவது பலருக்கும் நேர்ந்திருக்கும். உடனே பிளேயரைக் குறை சொல்வதற்கு முன், கடையில் வாங்கிய ஓர் அசல் டிவிடியை அதில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் திணறினால் லென்ஸைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். அது சீராக ஓடினால், குறை நீங்கள் எழுதிய வட்டிலோ அதற்குள் இருக்கும் வீடியோவிலோதான் இருக்கிறது.

கணினியில் நன்றாக ஓடியது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. கணினியின் டிரைவ் பல மடங்கு வேகத்தில் படித்து, பிழை வந்த இடத்தை மீண்டும் மீண்டும் படித்து, தரவை முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிளேயருக்கு அந்த வசதிகள் மிகக் குறைவு. டிவிடியின் அடிப்படை வேகமான வினாடிக்கு 11 மெகாபிட் அளவை ஒட்டியே படித்து, சிறிய இடைநினைவகத்தை வைத்துக்கொண்டு அது சமாளிக்கிறது.

ஆகவே முதல் வேலை, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வட்டை முழுவதும் ஓட்டி, திக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்வது. பிறகு அதே கோப்புகளை வேறு நிறுவனத்தின் வட்டு ஒன்றில், வேறு வேகத்தில் எழுதி மீண்டும் ஓட்டுங்கள். அதே நிமிடத்தில் அதே இடத்தில் திக்கினால் குறை வீடியோவில் இருக்கிறது. இடம் மாறினாலோ திக்கல் மறைந்தாலோ குறை வட்டில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் வீணாக்கும் வட்டுகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வீடியோவில்தான் குறை என்று தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோ எடுத்துக்கொள்ளும் தரவின் அளவு. டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் உச்ச அளவு வினாடிக்கு 9.8 மெகாபிட், படம், ஒலி, வசன வரிகள் எல்லாம் சேர்ந்து 10.08 மெகாபிட். விதி அனுமதிக்கிறது என்பதற்காக அந்த எல்லை வரை போவது, வீட்டில் எழுதும் வட்டுக்கு நல்லதல்ல. ஏனெனில் லேசர் ஒளியால் சாயப் படலத்தில் எழுதப்பட்ட வட்டில் பிழைகளைத் திருத்திப் படிக்கவும் பிளேயருக்குச் சற்று இடைவெளி வேண்டும். அட்சதை தூவும் காட்சி, ஓமப் புகை, கையில் பிடித்த கேமராவின் நடுக்கம், மங்கிய வெளிச்சத்தில் தோன்றும் புள்ளிகள் ஆகியவை பிட்ரேட்டை ஒரேயடியாக மேலே தள்ளும். முகூர்த்த நேரத்தில் மட்டும் படம் நின்று நின்று ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வீடியோவை டிவிடி வடிவுக்குச் சுருக்கி மாற்றும் குறியாக்கத்தின்போது உச்ச அளவை 8 மெகாபிட்டுக்குள் நிறுத்தி, இருமுறைக் குறியாக்கத்தை (முதல் முறை அலசி, இரண்டாம் முறை சுருக்குவது) தேர்ந்தெடுங்கள். 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம் அடங்க வேண்டுமானால், எல்லாம் சேர்ந்து சராசரி 5 மெகாபிட் அளவில்தான் இருக்க முடியும். ஒலியை அழுத்தப்படாத பிசிஎம் ஆக வைத்தால் அது மட்டுமே 1.5 மெகாபிட் எடுத்துக்கொள்ளும் என்பதால், சுருக்கிய ஒலியான 48 கிலோஹெர்ட்ஸ் டால்பி ஏசி3 வடிவில் 192 அல்லது 224 கிலோபிட் போதும்.

படம் எங்கும் நிற்காமல், ஆனால் அசைவு வரும்போதெல்லாம் முன்னும் பின்னும் துடிப்பது போலத் தெரிந்தால், அது வேறு குறை. இத்தகைய வீடியோவில் ஒவ்வொரு பிரேமும், அதாவது ஒவ்வொரு முழுப் படமும், ஒன்று விட்டு ஒன்றான வரிகளைக் கொண்ட இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. மினி டிவி (MiniDV) கேமரா நாடாவில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில் வரும். குறியாக்க மென்பொருளில் இந்த வரிசையைத் தவறாகக் குறித்துவிட்டால், நடந்து போகிறவர் ஒரு அடி முன்னே வைத்து அரை அடி பின்னே வருவது போல் தோன்றும். கணினித் திரையில் இது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். வரிசையைச் சரியாகக் குறித்து மறுபடி குறியாக்கம் செய்வதே தீர்வு. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் வீடியோ வினாடிக்கு 29.97 பிரேம் கொண்டது. அதை நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறைக்கு, அதாவது 25 பிரேமுக்கு மாற்றும்போது சில பிரேம்கள் கழிந்து அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இங்குள்ள பெரும்பாலான பிளேயர்கள் இரண்டையும் ஓட்டும் என்பதால், வந்த வேகத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

குறை வட்டில் இருந்தால் அதன் அடையாளம் பெரும்பாலும் படத்தின் கடைசிப் பகுதியில் தெரியும். டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுகிறது. மலிவான வட்டுகளில் வெளி விளிம்பே மோசமான பகுதி. வட்டை விளிம்பு வரை நிரப்பாமல் சற்று இடம் விட்டு எழுதுங்கள். 16 மடங்கு வேகம் என்று அச்சிட்ட வட்டை 4 அல்லது 8 மடங்கில் எழுதி, எழுதி முடித்ததும் மென்பொருளின் சரிபார்ப்பையும் ஓட விடுங்கள். காகித லேபிள் ஒட்டாதீர்கள்; அது வட்டின் சமநிலையைக் கெடுக்கும். மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்கள் அவற்றில் திணறும். டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) வட்டை மட்டும் பழைய பிளேயர் ஏற்க மறுத்தால், உங்கள் டிரைவ் அனுமதிக்கும் பட்சத்தில், வட்டு எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறியீட்டை, கடையில் வாங்கும் அசல் வட்டின் வகையான டிவிடி ரோம் என்று மாற்றி எழுதலாம். மைனஸ் ஆர் (DVD-R) வட்டில் அது முடியாது.

டிவ்எக்ஸ் (DivX), எக்ஸ்விட் (Xvid) என்ற சுருக்க முறைகளில் உள்ள வீடியோ கோப்புகளை அப்படியே தரவு வட்டாக எழுதியவர்கள், குறியாக்க அமைப்பில் அசைவைச் சுருக்க உதவும் க்யூபெல் (Qpel), ஜிஎம்சி (GMC) ஆகிய இரண்டு தெரிவுகளையும் அணைத்துவிட வேண்டும். பல பிளேயர்களின் சில்லு அவற்றைக் கையாளாது.

சரியாக ஓடும் வட்டு கிடைத்ததும், அதன் ஐஎஸ்ஓ (ISO) கோப்பை, அதாவது முழு வட்டின் நகலான ஒரே கோப்பை, அழிக்காமல் ஹார்டு டிஸ்கில் வைத்திருங்கள். சாயப் படலம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கி, இன்று சீராக ஓடும் வட்டே பின்னொரு நாள் திக்கத் தொடங்கலாம். அப்போது அந்தக் கோப்பிலிருந்து புதிய வட்டு ஒன்றை எழுதிக்கொள்ள முடியும்.