‘எறா’விலிருந்து தொடங்குவோம்: குழந்தைக்கு ர ஒலியைப் பழக்கும் முறை

வடசென்னையில் வளரும் குழந்தைக்கு ர ஒலி வராவிட்டால், தன் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்வதே பெரும்பாடாகிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊர்ப் பெயருக்குள் ஒரு ர இருக்கிறது. ‘மரம்’ என்று சொல்ல வந்து ‘மலம்’ என்று சொல்லிவிட்ட ஒரு சிறுமியைப் பார்த்து வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் மரத்தைக் காட்டிக் கேட்டாலும் ‘செடி’ என்றுதான் பதில் சொன்னாள். ஒலி வராததைவிட, வராத ஒலிக்குப் பயந்து பிள்ளை சொற்களையே கைவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பேச்சுப் பயிற்சியாளராக இந்தப் பகுதிக் குழந்தைகளோடு வேலை செய்து கற்றுக்கொண்டதை, வீட்டில் பெற்றோர் செய்யக்கூடிய வகையில் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் வயது. ப, ம, த போன்ற ஒலிகள் சீக்கிரம் வந்துவிடும். ர கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. மூன்று வயதுக் குழந்தை ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், நீங்கள் சரியாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். ஐந்து வயது முடிந்த பிறகும் வரவில்லை என்றாலோ, அதற்கு முன்பே குழந்தை பேசக் கூச்சப்படத் தொடங்கினாலோ, பயிற்சியைத் தொடங்கலாம்.

அடுத்தது காது. அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கும் குழந்தை, காதில் சீழ் வடியும் குழந்தை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கச் சொல்லும் குழந்தை ஆகியோருக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யாமல் உச்சரிப்புப் பயிற்சி தொடங்குவது வீண். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு நம் பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது.

மூன்றாவது நாக்கு. “இவனுக்கு நாக்கு தடிப்பா இருக்கு மிஸ், அதான் வரல” என்று சொல்லாத தாயை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வாயை நன்றாகத் திறந்தபடி, நாக்கு நுனியால் மேல்வரிசைப் பற்களின் பின்புறத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட முடிந்தால் நாக்கின் மேல் பழி போட வேண்டியதில்லை. நுனி மேலே எழவே இல்லை, அல்லது நீட்டும்போது நடுவில் இழுபட்டு இதயம்போல் பிளவுபட்டுத் தெரிகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வசம்பை உரசி நாக்கில் தடவுவதால் ர வராது; குழந்தைகளுக்கு அது பாதுகாப்பானதும் அல்ல.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நம் பேச்சு வழக்கைக் குறையாக எண்ணிவிடக் கூடாது. ‘பார்த்தேன்’ என்பதை நாம் எல்லோரும் ‘பாத்தேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘சேர்ந்து’ என்பது ‘சேந்து’ ஆகிறது. ‘காற்று’ என்பது ‘காத்து’ ஆகிறது. வீட்டில் பெரியவர்களே சொல்லாத ர-வைக் குழந்தையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதேபோல் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்று வீடு முழுவதும் சொல்லும்போது குழந்தையும் அப்படிச் சொன்னால், அதற்குப் பேச்சுப் பயிற்சி தேவையில்லை. வீட்டுப் பெரியவர்கள் தெளிவாகச் சொல்லும் ர எங்கே குழந்தையிடம் மாறுகிறதோ, அங்கேதான் நம் வேலை.

ர எப்படிப் பிறக்கிறது

தொல்காப்பியத்தின் பிறப்பியல், நுனிநாக்கு மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை ‘வருட’ ரகாரம் பிறக்கும் என்றும், ‘ஒற்ற’ றகாரம் பிறக்கும் என்றும் சொல்கிறது. பயிற்சி அறையில் எனக்கு இதைவிடப் பயனுள்ள சொல் கிடைத்ததில்லை. மேல்வரிசைப் பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறிய மேடு இருக்கிறது. நாக்கு நுனி அந்த மேட்டை ஒரே ஒரு முறை தொட்டு, தொட்ட வேகத்திலேயே விலகினால் அதுதான் ர. இன்றைய சென்னைப் பேச்சில் ஆறு, நூறு போன்ற சொற்களில் வரும் ற-வும் பெரும்பாலும் இதே ஒலிதான் என்பதால், தொடக்கநிலைக் குழந்தைக்கு இரண்டையும் பிரித்துக் கற்பிக்கத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை ஆங்கில ஒலியைப் பற்றியவை. அமெரிக்க ஆங்கிலத்தின் அந்த ஒலியில் நாக்கு எதையும் தட்டுவதில்லை. பின்னால் சுருண்டோ திரண்டோ நிற்கிறது. வேலைக்கு வந்த புதிதில் நானும் அந்த முறையைப் பின்பற்றி, நாக்கைச் சுருட்டச் சொல்லியே ஒரு சிறுமியின் பல வாரங்களை வீணாக்கினேன். அவளுக்கு வந்தது ர அல்ல, ழ போன்ற ஏதோ ஒன்று. அந்த வாரங்களை அவளுக்குத் திருப்பித் தர முடியாது என்பதால்தான் இதை முன்னாலேயே சொல்கிறேன்.

முதல் படி: வாய்க்கு முன் காது

குழந்தையை எதையும் சொல்லச் சொல்லாதீர்கள். கார், கால், வேர், வேல் ஆகிய நான்கு படங்களை ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை படத்தைத் தொட வேண்டும். பத்து முறையில் எட்டு ஒன்பது முறை சரியாகத் தொடும் வரை, எத்தனை நாள் ஆனாலும், இந்தப் படியிலேயே இருங்கள். பிறகு ஆட்டத்தை மாற்றுங்கள்: காரைக் காட்டி “இது கால்” என்று நீங்களே தவறாகச் சொல்லுங்கள். உங்களைக் குழந்தை பிடித்துவிட்டால், அதன் காது தயாராகிவிட்டது. தன் வாயிலிருந்து வருவது மாறியிருக்கிறது என்று கேட்டறிய முடியாத குழந்தையிடம் “சரியா சொல்லு” என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை.

இரண்டாம் படி: இடத்தைக் காட்டுதல்

கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, விரல் நுனியில் துளித் தேனைத் தொட்டு, நான் சொன்ன மேட்டில் வையுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து குழந்தை அதை நாக்கு நுனியால் தொட்டு எடுக்கட்டும். பிறகு ‘அனா’ என்று சொல்லச் சொல்லுங்கள். ன சொல்லும்போது நாக்கு போய் நிற்கும் இடமும் அதே மேடுதான். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். ஊதல் ஊதுவது, நாக்கை வெளியே நீட்டி மடக்குவது போன்ற பயிற்சிகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பேச்சொலி பேசிப் பழகினால்தான் வரும்.

மூன்றாம் படி: தட்டி விலகுதல்

முழு முறையிலும் இதுதான் கடினமான இடம். குழந்தை ர-வுக்குப் பதிலாக எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ல சொல்லும் குழந்தைதான் பெரும்பாலும் வருகிறது. இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது, ஏனென்றால் ல-வுக்கும் நாக்கு அதே மேட்டுக்குத்தான் போகிறது; போன இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் வேறுபாடு. ‘ல்ல்ல்ல்’ என்று மூச்சு உள்ளவரை நீட்டலாம்; ஒற்றை ர-வை அப்படி நீட்டவே முடியாது. காசிமேட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால், ‘எறா’ (இறால்) என்று சொல்ல வந்து “எலா மிஸ்” என்பான். அவன் முன் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியை வைத்தேன். ல சொல்லும்போது உள்ளங்கையை மூடியின் மேல் அழுத்தி வைத்திருக்க வேண்டும், ர சொல்லும்போது விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டிக் கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஆட்டம். கையும் நாக்கும் ஒன்றாகப் பழகட்டும் என்பதற்காக, முதலில் ஒலி இல்லாமல் கையால் மட்டும் செய்தோம். பிறகு ‘அடா, அடா, அடா’ என்று வேகமாகச் சொல்லச் செய்து, நாக்கை மடக்காமல் தேன் வைத்த இடத்தில் தட்டும்படி கேட்டேன். இடம் ன-வுக்கு உரியது, வேகம் அடா-வில் வரும் ட-வுக்கு உரியது. இரண்டும் சேரும் புள்ளியில் ர இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ‘அடா’ என்பது ‘அரா’ ஆனது. அவன் சட்டென்று நிறுத்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு யாரும் கேட்காமலேயே “எறா எறா எறா” என்று தட்டிக்கொண்டே போனான்.

ய சொல்லும் குழந்தைக்கு, அதாவது மரத்தை ‘மயம்’ என்னும் குழந்தைக்கு, நாக்கு நுனி மேலே எழுவதே இல்லை. அது கீழ்ப்பற்களுக்குப் பின்னால் படுத்திருக்கிறது. இந்தக் குழந்தைக்கு முதலில் ன, ல ஆகியவற்றில் நுனியை உயர்த்தும் பழக்கம் வர வேண்டும். இடையில் ‘மயம்’ என்பது ‘மலம்’ ஆக மாறினால் கலங்காதீர்கள். நாக்கு ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். ட சொல்லி மரத்தை ‘மடம்’ ஆக்கும் குழந்தை அழுத்தத்தைக் குறைத்தால் போதும். தொண்டையின் அடியிலிருந்து கரகரப்பாக ஒலி எழுப்பும் குழந்தையை வீட்டில் மட்டும் பழக்க முயலாமல் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: எந்தச் சொல் முதலில்

பல பெற்றோர் ‘ராஜா’, ‘ரயில்’ என்று தொடங்குகிறார்கள். அது கடினமான முனை. தமிழ்ச் சொற்கள் இயல்பாக ர-வில் தொடங்குவதில்லை. அதனால்தான் பழைய முறையில் இராமன், இரயில் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதினார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது நாக்குக்கு ஓடி வந்து தட்ட இடம் கிடைக்கிறது. ஆகவே அரை, மரம், ஏரி, ஆறு, நூறு போன்றவற்றில் தொடங்குங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீன் சந்தை ஒரு நல்ல பாடப்புத்தகம்: எறா, சுறா, பாறை, சங்கரா, வஞ்சிரம். ‘இறால்’ என்று எழுத்து வழக்கில் சொல்லச் சொல்லாதீர்கள். ல சொல்லிப் பழகிய குழந்தைக்கு ஒரே சொல்லில் ற-வும் ல-வும் சேர்ந்தால் குழப்பம்தான். பேச்சு வழக்கின் ‘எறா’வில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து கார், தேர், வேர், ஊர். இவற்றையும் ‘காரு’, ‘தேரு’ என்று இயல்பாகச் சொல்ல விடுங்கள். கடைசியில் வரும் உகரம் நாக்குக்கு உதவுகிறது. அதன் பிறகுதான் ரெண்டு, ரசம், ராயபுரம். வராவிட்டால் ‘இரசம்’, ‘இராயபுரம்’ என்று தொடங்கி, அந்த இகரத்தை நாளுக்கு நாள் மெலிதாக்கிக்கொண்டே வாருங்கள். சர்க்கரை, மார்க்கெட், ட்ரெயின் போல மெய்யோடு மெய் சேரும் சொற்களும், விரல், கலர் போல ல-வும் கலந்த சொற்களும் கடைசியில்.

ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், இரண்டு வேளை. அதற்கு மேல் வேண்டாம், ஆனால் அந்த நேரத்துக்குள் ஐம்பது அறுபது முறையாவது குழந்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு முறை என்று கிண்ணத்தை முன்னால் வைத்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். வாயில் சுண்டல் இருக்கும்போது மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் அடுத்த வகைச் சொல்லுக்குப் போகலாம். பாராட்டும்போது வெறுமனே “நல்லா சொன்ன” என்று நிறுத்தாமல், “இப்போ நாக்கு கரெக்டா தட்டுச்சு” என்று சொல்லுங்கள். எது சரியாக நடந்தது என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: பேச்சுக்குள் கொண்டுவருதல்

தனிச் சொல்லில் வந்த ர, பேச்சில் காணாமல் போவது இயல்பு. முதலில் “பெரிய சுறா”, “மூணு மரம்” போன்ற இரட்டைச் சொற்கள், பிறகு சிறு வாக்கியங்கள், பிறகு கதை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, எனக்கு ஒரு நடமாடும் பயிற்சி அறை கிடைத்தது போல ஆனது. தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று வரிசையாக நிலையங்கள் வருகின்றன. அறிவிப்பு வருவதற்கு முன் அடுத்த நிலையத்தின் பெயரைக் குழந்தை சொல்ல வேண்டும் என்று பந்தயம் வைத்தால், அது பயிற்சி என்பதே அதற்கு நினைவிருக்காது.

பயிற்சி நேரத்துக்கு வெளியே திருத்தாதீர்கள். குழந்தை ஆர்வமாக ஏதோ சொல்லிக்கொண்டு வரும்போது “திருப்பிச் சொல்லு” என்று நிறுத்தினால், சொல்ல வந்ததும் போய்விடும், சொல்லும் ஆசையும் போய்விடும். “மிஸ் மலம் வலைஞ்சாங்க” என்றால், “அப்படியா, மரம் வரைஞ்சாங்களா? பெரிய மரமா?” என்று நீங்கள் சரியாகச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள். உறவினர் முன்னிலையில் “மாமாவுக்கு ரயில்னு சொல்லிக் காட்டு” என்று சோதிப்பதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். வகுப்பில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அதைக் கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

எப்போது உதவி நாட வேண்டும்

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ‘அரா’ ஒரு முறைகூட வரவில்லை என்றாலோ, ர மட்டுமல்லாமல் பல ஒலிகள் மாறி வெளியார் யாருக்கும் பேச்சு புரியவில்லை என்றாலோ, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். போகும்போது, குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசும் இரண்டு நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை.

பேச்சில் ர நிலைத்துவிட்ட பிறகும் ஒரு மாதத்துக்கு வாரம் ஒரு முறை, அந்தப் பழைய நான்கு படத் தாளை எடுத்து, இந்த முறை குழந்தை சொல்ல நீங்கள் படத்தைத் தொடுங்கள்.