ராணுவ ஹெலிகாப்டர் ஹெல்மெட் சேகரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ ஹெலிகாப்டர் ஹெல்மெட் சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது கதையில்தான். "வியட்நாமில் பறந்தது" என்று விற்பவர் ஒரு வரி சேர்த்தால் போதும், விலை எகிறிவிடும், வாங்குபவரின் கண்ணும் மங்கிவிடும். கதையைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் லேபிளைப் படித்த பிறகு கேளுங்கள்.

அமெரிக்க ஹெல்மெட்டாக இருந்தால் லேபிளே பாதி உண்மையைச் சொல்லிவிடும். ஒப்பந்த எண் 'டி.எஸ்.ஏ.100-70' என்று தொடங்கினால், அந்த 70 நிதியாண்டைக் குறிக்கிறது. டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க ராணுவக் கொள்முதல் அமைப்பு 1977 ஜனவரியில் டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது. ஆகவே ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் உள்ள லேபிளில் டி.எல்.ஏ. என்று இருந்தால், அது 1973இல் அமெரிக்கப் படை வியட்நாமை விட்டுக் கிளம்பிய பிறகு செய்தது. லேபிளில் உள்ள இருப்பு எண்ணின் (ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ராணுவக் கிடங்கு தரும் எண்) இலக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். 1974 வரை அதில் 11 இலக்கங்கள், அதன்பின் 13. தொடக்கத்தில் உள்ள 8415 என்ற வகைக் குறியீட்டை அடுத்து 00 என்ற இரண்டு இலக்கம் தனியாக வந்தால் அது பிந்தைய எண்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து ஒரு தவறு செய்வார்கள்: எங்காவது ஒரு தேதி ஒத்துப்போகவில்லை என்றதும் 'போலி' என்று ஒதுக்கிவிடுவது. பறந்துகொண்டிருந்த ஹெல்மெட்டில் வைசர், மைக், காது உறை எல்லாம் தேயத் தேய மாற்றப்பட்டவை. எனவே ஓடு, வைசர், மைக் ஒவ்வொன்றின் காலத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வைசர் மட்டும் புதியது என்றால் பேச இடமுண்டு. ஓடே புதியது என்றால் கதை அங்கேயே முடிந்தது.

மாடல்களைக் குழப்பிக்கொள்வதும் சகஜம். வியட்நாம் போரின் முதல் பாதியில் அமெரிக்கத் தரைப்படை விமானிகள் அணிந்தது பெரும்பாலும் ஏ.பி.எச்-5. காதைக் காப்பதில் அது பலவீனம். 1970ஐ ஒட்டி வந்த எஸ்.பி.எச்-4 அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் பெயரில் உள்ள எஸ்.பி. என்பதே ஒலிப் பாதுகாப்பைத்தான் குறிக்கிறது, பக்கவாட்டில் பெரிதாகப் புடைத்திருப்பதும் அதனால்தான். 1965இல் பறந்தவருடையது என்று எஸ்.பி.எச்-4ஐக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். அதற்கு அடுத்த ராணுவ மாடலான எச்.ஜி.யு-56/பி வந்தது 1990களில். எஸ்.பி.எச்-5 என்பது சிவில் விமானிகளுக்கான மாடல். பச்சை பெயின்ட் அடித்தால் பார்வைக்கு ராணுவத்துடையது போலவே இருக்கும்.

இனி பெயின்ட். இதில்தான் மனது மிகவும் வலிக்கிறது. ஏ.பி.எச்-5 பல வெள்ளையாக வந்தவை. போர்க்களத்தில் வெள்ளை தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அதன்மேல் பச்சை அடித்தார்கள். விளிம்பில் பச்சை உதிர்ந்து அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தால் அது குறை அல்ல, அந்த ஹெல்மெட்டின் வரலாறே அதுதான். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி ஸ்ப்ரே அடித்தால் திரும்பக் கிடைக்காது. உள்ளே பேனாவால் எழுதிய பெயரும் அப்படியே இருக்கட்டும்.

ஓவியம் வரைந்த ஹெல்மெட் என்றால் லென்ஸ் வைத்துக் கீறல்களைப் பாருங்கள். கீறல் பெயின்ட்டை அறுத்துக்கொண்டு போனால் ஓவியம் முதலில் வந்தது. பெயின்ட் கீறலுக்குள் வழிந்து இறங்கியிருந்தால், ஹெல்மெட் அடிபட்டு ஓய்ந்த பிறகு யாரோ வரைந்திருக்கிறார்கள். அது பழைய விமானி ஒருவரின் வேலையாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

சுத்தம் செய்ய தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். எஸ்.பி.எச்-4இல் ஓட்டுக்கு உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன், அதாவது நாம் சொல்லும் தெர்மோகோல் வகை. அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவம் பாலிகார்பனேட் வைசரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பஞ்சு போன்ற துணி, அவ்வளவே போதும். பொடியாகிற பழைய ஃபோமைத் தூக்கிப் போடாமல், குறிப்பெழுதி ஒரு கவரில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஹெல்மெட்டை மூடி வைக்க வேண்டாம், தாடைப் பட்டையில் தொங்கவிடவும் வேண்டாம். தலை வடிவத் தாங்கி ஒன்றில் உட்கார வைப்பது நல்லது.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பழைய பிளக்கை வெட்டுபவர்களும் உண்டு. எஸ்.பி.எச்-4இன் மைக் மிகக் குறைந்த மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கொண்டது. சாதாரண சிவில் விமானக் கருவிகளோடு அது நேரடியாக ஒத்துப்போகாது. பிளக் போனால் மதிப்பும் போகும்.

அப்புறம், பைக்கில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது. முன்பே நசுங்கியதா என்பது வெளியில் தெரியவும் தெரியாது.

கடைசியாகச் சட்டம். அப்பாச்சி போர் ஹெலிகாப்டர் விமானியின் ஹெல்மெட்டில் வலது கண்ணுக்கு முன் வரும் காட்சிக் கருவி, இரவுப் பார்வைக் கருவிகள் போன்றவை அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அனுமதி இல்லாமல் அந்நாட்டை விட்டு அனுப்பினால் குற்றம். இப்படிப்பட்ட பாகத்தோடு ஹெல்மெட் வந்தால், அது எந்த வழியில் ராணுவத்தை விட்டு வெளியே வந்தது என்பதற்கான காகிதத்தைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.