சுடுதண்ணீர்த் துளியின் எடை குறையுமா? ஒரு சிரிஞ்சும் தராசும் போதும்

பிளஸ் ஒன் இயற்பியலில் பரப்பு இழுவிசை (தண்ணீரின் மேல்பரப்பு தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும் விசை) படித்தவர்களுக்கு, சூடு ஏறினால் அது குறையும் என்ற வரி ஞாபகம் இருக்கும். அந்த வரியை வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிடலாம். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடியில் இதை நானும் என் அக்கா மகனும் ஒரு சித்திரை மாத ஞாயிறு முழுக்கச் செய்தோம், ஆரம்பிப்பவர்களும் செய்யலாம்.

தேவையானவை: மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், முனை மெல்லியதாக உள்ள சமையல் தெர்மாமீட்டர், மூடியோடு ஒரு சின்ன டப்பா, 0.01 கிராம் காட்டும் தராசு. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, ஆன்லைனில் கிடைக்கிறது. தண்ணீருக்குக் கேன் தண்ணீர் எடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

முதல் வேலை கழுவுவது. இதில் அவசரப்படவே கூடாது. சிரிஞ்ச் முனையில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்தாலும் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். எங்களுடைய முதல் அளவு அப்படித்தான் கெட்டது, தலைக்கு எண்ணெய் வைத்த கையால் முனையைத் துடைத்துவிட்டேன். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரிப் படிப்பு இல்லாமலே, சமையலறையில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பில் படியும் அழுக்கு இழுவிசையை எப்படிக் குறைக்கிறது என்று அளந்தார். 1891ல் அது நேச்சர் இதழில் வந்தது. சோப்பால் கழுவினால் சோப்பு போகும்வரை சுடுதண்ணீரில் அலசுங்கள், பத்து முறையாவது.

அப்புறம் சாதாரணத் தண்ணீர். எங்கள் வீட்டில் வெயில் நாளில் குடத்துத் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். வெறும் டப்பாவை மூடியோடு எடை போட்டுவிட்டு, சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்து 50 துளி விடுங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் துளி முதலில் உருண்டையாக வீங்கும், மேலே ஒரு கழுத்து மெலியும், பிறகு சட்டென்று அறுந்து விழும். அது அறும் நேரம் எடைதான் ஜெயிக்கிறது, அதுவரை பிடித்து வைத்திருந்தது பரப்பு இழுவிசை. துளி முனையின் உள்விளிம்பில் தொங்குகிறதா வெளிவிளிம்பிலா என்று கவனியுங்கள், கடைசிவரை அதே விளிம்பில் தொங்க வேண்டும். கட்டைவிரலை மெதுவாக அழுத்துங்கள். ஒரு துளிக்கு மூன்று வினாடி என்றால் சரி.

இனி சுடுதண்ணீர், 60 டிகிரி. கஷ்டம் எல்லாம் இங்கேதான். சிரிஞ்சுக்குள் தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும், வெளியே தொங்கும் துளி இன்னும் வேகமாக ஆறும். காரணம், தண்ணீரில் சூடு இறங்குவது காற்றைத் தொடும் பரப்பில்தான்: ஒரு கிராம் ஆவியாகப் போனால் சுமார் 2400 ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இருந்தால், உடம்புக்கான அளவிலிருந்து பொருளுக்கான அளவுக்கு மாற்றி, டம்ளர் தண்ணீரின் மேல் நீட்டிப் பாருங்கள். உள்ளே விட்ட தெர்மாமீட்டரைவிட அது குறைவாகக் காட்டும், ஃபேன் போட்டால் இன்னும் இறங்கும். நமக்கு வேண்டியது அந்த மேல்பரப்பின் சூடு, அடியில் இருப்பது இல்லை!

அதனால் ஃபேனை நிறுத்துங்கள். சுடுதண்ணீரை மூன்று முறை உறிஞ்சித் தள்ளி சிரிஞ்சைச் சூடாக்குங்கள். பத்துத் துளி விட்டதும் மீதியைத் தெர்மாமீட்டர் முனை மேல் விட்டு எவ்வளவு என்று எழுதிவிட்டு மறுபடி நிரப்புங்கள், இப்படி ஐந்து முறை. டப்பாவைத் துளி விழும்போது மட்டும் திறங்கள். இல்லாவிட்டால் ஆவியாகிப் போன எடையையும் சேர்த்து இழுவிசை குறைந்ததாக எண்ணிவிடுவோம்.

கணக்கு சுலபம். 30 டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 71.2 மில்லிநியூட்டன். ஒரே முனை என்பதால், துளி எடை எந்த விகிதத்தில் குறைகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் இழுவிசையும். உதாரணத்துக்கு, 50 துளி முதலில் 2.50 கிராம், சூட்டில் 2.33 கிராம் என்றால் 71.2 × 2.33 ÷ 2.50, அதாவது 66.4. அட்டவணையில் 60 டிகிரிக்கு 66.2 என்று இருக்கும். உங்களுக்கு 67, 68 வந்தால் துளி ஆறிவிட்டது என்று அர்த்தம், எழுதி வைத்த சூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 374 டிகிரியில், அதற்கேற்ற அழுத்தத்தில், இந்த இழுவிசை பூஜ்யமாகிவிடும். அங்கே தண்ணீர் வேறு ஆவி வேறு என்று பிரிக்கும் பரப்பே கிடையாது.

சோப்புத் தண்ணீரையும் பார்க்கலாம், துளி எடை பாதி அளவுக்கு இறங்கும். ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள், வேறு சிரிஞ்சில்.